மோட்டாருக்கு வைத்த வாளி

சித்திரை 12, வியாழன்

மயிலாடுதுறையில் புது அலுவலகங்களுக்கு இடம் போதவில்லை. ஆற்றங்கரைப் பழைய சத்திரத்தை இடித்துவிட்டு நான்கு மாடி எழுப்பப் போகிறார்கள். "கூரை ஒழுகுகிறது, இடிக்கலாம்" என்று ஐப்பசி மழையில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பொறியாளர் வேறு யாருமில்லை, நான்தான்.

இன்று காலை அளவெடுக்கப் போனேன். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே, தேக்கு உத்தரத்துக்கு நேர் கீழே, அன்று பார்த்த அதே வாளி. பாதி தண்ணீர்.

பெருக்கிக்கொண்டிருந்த செல்வியிடம், "மழையே இல்லையே, எப்படி ஒழுகுது?" என்றேன்.

"வாளி மழைக்கு இல்லைங்க மேடம், மோட்டாருக்கு. போட்டா ஒழுகும், நிறுத்துனா நின்னுடும்."

மாடிக்கு ஓடினேன். பிளாஸ்டிக் தொட்டி நிரம்பி, ஒரே மூலையில் வழிந்துகொண்டிருக்கிறது. வழியும் நீர் போகக் குழாயே வைக்கவில்லை. அந்த மூலைதான் ஊறிப்போயிருக்கிறது. மற்ற இடமெல்லாம் சுண்ணாம்புத் தளம் கல் மாதிரி கிடக்கிறது. அன்றைக்கே ஏறிப் பார்த்திருக்கலாம். நனைய வேண்டுமே என்று சோம்பல்பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மேலதிகாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"கையெழுத்துப் போட்டுட்டு இப்ப மாத்திச் சொல்றீங்களேம்மா! சரி, அதுக்கு என்ன பண்ணணும்?"

"ஒரு பிளம்பரும் ஒரு கொத்தனாரும் போதும் சார்."

"நாளைக்கு வந்து பார்க்கறேன்" என்றார்.

ஒன்பது மணிக்கு வருகிறார். அதுவரை மோட்டாரைப் போட வேண்டாம் என்று செல்வியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் வாளிக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகு போட்டால் போதும்.