மூன்றுகால் வாத்தில் ஹேடாக் இல்லை

கிளீதார்ப்ஸ்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் லினெட்டுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நியூசிலாந்தில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் குறை எதுவும் இல்லை, என் முழங்கால் மட்டும் மழை வரப்போவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. போன ஞாயிறு நீ போன் செய்தபோது அம்மா தலைவலி என்று பேச வரவில்லை அல்லவா, அது தலைவலி இல்லை, நான்தான். உன் எட்னா பெரியம்மா அதன் பிறகு உன்னைக் கூப்பிட்டு, நான் ஒரு பப்பையே அவமானப்படுத்திவிட்டேன் என்றும் அதனால் எங்கள் ஐம்பதாவது கல்யாண நாள் விருந்தே நின்றுபோகப் போகிறது என்றும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவள் சொன்னது அவள் பக்கம். என் பக்கத்தை நானே எழுதுகிறேன், இப்போதுதான் எனக்கு எழுதத் தெரியுமே. நேரம் ஆகும், பரவாயில்லை, தேநீர் பக்கத்தில் இருக்கிறது.

நூலகத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்த பதினான்கு மாதத்தில் நான் படிக்காதது எதுவும் இல்லை லினெட். பால் அட்டை, பேருந்து நேரம், பக்கத்து வீட்டுக்காரர் கதவில் ஒட்டிய நோட்டீஸ், எல்லாம் படித்துவிட்டேன். உன் பழைய கடிதங்களையும் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தேன். அம்மா எனக்கு வாசித்துக் காட்டியபோது பாதியை விழுங்கியிருக்கிறாள். அப்பா வெண்ணெயைக் குறைத்தாரா என்று நீ பதினொரு கடிதத்தில் கேட்டிருக்கிறாய், எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. கேட்டால், "உனக்குப் பிடிக்காததை எதுக்கு வாசிக்கணும்" என்றாள். இந்த வீட்டில் எதற்கும் நேரான பதில் கிடையாது. ஆனால் எனக்கு இன்னும் ஒரு ஆசை மிச்சம் இருந்தது. வெளியே சாப்பிடப் போகும் இடத்தில் மெனுவை நானே படித்து, நானே சொல்ல வேண்டும். உனக்குத் தெரியுமே, இத்தனை வருஷமும் அம்மா சொல்லி முடித்ததும் எனக்கும் அதே என்பதுதான் என் பாட்டு. ஒரு தடவை ஸ்கார்பரோவில் அவள் கை கழுவப் போன நேரத்தில் பரிமாறுகிறவன் வந்து நின்றுவிட்டான். நான் தைரியமாக ஒரு வரியில் விரலை வைத்தேன். அவன் ரொம்ப மரியாதையாக, "ஐயா, அது எங்க போன் நம்பர்" என்றான்.

ஆகவே போன வாரம் வியாழன், வழக்கம்போல நானும் அம்மாவும் எட்னாவும் மூன்றுகால் வாத்து என்ற அந்தப் பப்புக்குச் சாப்பிடப் போனபோது, நான் மெனுவை அம்மா கைக்குப் போகவிடாமல் பிடித்துக்கொண்டேன். மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தேன். எட்னா, "நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள மீன் திரும்பக் கடலுக்கு நீந்திப் போயிடும்" என்றாள். நான்காவது வரியில் நின்றுவிட்டேன். "நம்ம துறைமுகத்தில் இன்று காலை இறங்கிய ஹேடாக்" என்று போட்டிருந்தது. லினெட், நாற்பத்தொரு வருஷம் கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்தில் மீன் அரியும் கத்தியோடு நின்றவன் நான். அந்தக் கடையில் கொஞ்ச காலமாக நாங்கள் சாப்பிடுவது பாசா என்று எனக்கு முதல் வாயிலேயே தெரியும். எங்கேயோ வெதுவெதுப்பான ஆற்றில் பண்ணை வைத்து வளர்க்கிற மீன் அது, ஹேடாக் மாதிரி நம் குளிர்கடலில் பிடித்தது இல்லை. வயதானவர்களுக்கு மலிவாகப் போடுகிற மதியச் சாப்பாடு, அதற்கு ஏற்ற மீன், எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மெனுவில் ஹேடாக் என்று எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்.

தட்டு வந்தது. முள்கரண்டியை வைத்தேன். ஹேடாக் என்றால் இதழ் இதழாகப் பிரியும், இது நனைந்த ரொட்டி மாதிரி அமுங்கியது. "மேவிஸ், இது ஹேடாக் இல்ல" என்றேன் அம்மாவிடம். "மெதுவாப் பேசு" என்றாள். "மெதுவாச் சொன்னாலும் இது ஹேடாக் இல்ல" என்றேன். அதற்குள் கடைக்காரி லொரேன் வந்து, "எல்லாம் நல்லா இருக்கா கண்ணு?" என்று கேட்டாள். அம்மாவும் எட்னாவும் ஒரே குரலில், "ரொம்ப அருமை, நன்றி" என்றார்கள். எட்னா தன் மீனில் பாதியைக் கைத்துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தாள், அந்தக் கைத்துண்டின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் அருமை என்றாள். அடுத்த மேசைக்காரர் வேகாத உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார், அவரும் அருமை என்றார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. நீயே நினைத்துப் பார், எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளில் அந்தச் சீனக்காரர் கடையில் வேறு யாருக்கோ செய்த வாத்து வறுவலை நம் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். உன் அம்மா சொல்லவிடவில்லை. நாம் நான்கு பேரும் தின்றோம், பின்னால் அந்த வாத்துக்காக ஒரு குடும்பம் பசியோடு காத்திருந்தது, கடைசியில் அம்மா பரிமாறியவரிடம் மன்னிப்பு வேறு கேட்டாள். லிங்கனில் உன் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு வந்த சூப் பனிக்கட்டி மாதிரி இருந்தது, அதுவும் அருமை. இந்த நாட்டில் தொண்டையில் முள் சிக்கிச் சாகிறவன்கூட அருமை என்று சொல்லிவிட்டுத்தான் சாவான்.

மேசையில் ஒரு அட்டையும் குட்டிப் பென்சிலும் எப்போதும் இருக்கும். விளம்பரம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குப் படித்தேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், எங்களுக்கு அது முக்கியம் என்று எழுதியிருந்தது. ஒருவர் மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்வதுதானே முறை. அவர்கள் இருவரும் கோட்டு எடுக்கப் போன நேரத்தில் எழுதினேன். மீன் ஹேடாக் இல்லை, பாசா. நாற்பத்தொரு வருஷம் மீன் அரிந்தவன் சொல்கிறேன். பட்டாணி நன்று. பெயர், விலாசம் கேட்டிருந்தது, அதையும் எழுதிப் பெட்டியில் போட்டேன். வகுப்புக்கு வெளியே நான் முதல் முதலாக எழுதியது அது. பேருந்தில் பெருமையாகச் சொன்னேன். அம்மாவின் முகம் மாவு மாதிரி வெளுத்துப்போனது. "அந்த அட்டை எழுதறதுக்கு வெச்சது இல்ல ஹோரஸ், சும்மா பார்வைக்கு வெச்சது! இந்த ஊர்ல ஒருத்தர் அதுல எழுதியிருக்காங்களா?" என்றாள். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி மழையில் நடந்து வந்தாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் உனக்குத் தெரியும். விருந்து அந்தக் கடையின் மாடி அறையில்தான். எங்கள் கல்யாணத்தன்று எல்லோருக்கும் ரொட்டியும் பன்றியிறைச்சியும் வைத்து விருந்து போட்டது அதே அறை, அதே ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேக் வெட்ட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முப்பத்திரண்டு பேருக்கு அழைப்பு போய்விட்டது. "இனி லொரேன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? அந்த மாடிப்படிய எப்படி ஏறுவேன்? விருந்தும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் புதுக் கவுனை அலமாரியின் அடியில் போட்டாள். அதோடு என்னிடம் பேச்சு நின்றது. ஒரு நாள் இல்லை, ஆறு நாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் எட்னாவுக்குப் போன் போடுவாள். எட்னா என்னைக் கூப்பிட்டு, "உன் சாப்பாடு அடுப்புல இருக்காம், தட்டு சுடுமாம்" என்பாள். அம்மா பக்கத்து அறையில் பின்னல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் எழுதியதில் ஒரு பொய் உண்டா என்று எட்னாவிடமே கேட்டேன். "உண்மைதான், அதுதான பிரச்சினை" என்றாள். இப்படிப்பட்டவர்களோடு என்னத்தைப் பேசுவது.

முந்தாநாள், புதன் காலை, கதவு தட்டப்பட்டது. லொரேனின் கணவர் கீத், அந்தக் கடையில் சமைப்பவர், மழையில் நனைந்துகொண்டு என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "மன்னிக்கணும், தொந்தரவு பண்றேன்" என்றார். அம்மா, "ஐயோ, நாங்கதான் மன்னிப்புக் கேக்கணும்" என்றாள். "இல்ல இல்ல, உங்க தரையெல்லாம் ஈரமாக்கிட்டேன், மன்னிக்கணும்." "தரைல கம்பளம் போடாதது என் தப்பு." இப்படியே வாசலில் கால் மணி நேரம். ஒருவழியாக உட்கார வைத்து, விருந்தாளிக் கோப்பைகளை எடுத்தாள். தேநீரை ஊற்றிக்கொண்டே, "அத மனசுல வெச்சுக்காதீங்க கீத், இவரு இப்பத்தான் எழுதப் பழகறாரு, கைல பென்சில் கெடச்சா எதையாவது கிறுக்கிடறாரு" என்றாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது லினெட், உன்னிடம் சொல்வதற்கென்ன.

கீத் தேநீரைத் தொடவில்லை. அட்டையை மேசையில் வைத்துத் தடவிக்கொண்டே பேசினார். "பதினொரு வருஷமா அந்தப் பெட்டி தொங்குது. தெறந்தா பஸ் டிக்கெட்டு, மிட்டாய்க் காகிதம், ஒரு தடவ ஒரு ஒத்தக் கம்மல். எழுத்துன்னு வந்தது இது ஒண்ணுதான்" என்றார். அவர் பர்மிங்ஹாம்காரர், கடலையே வளர்ந்த பிறகுதான் பார்த்திருக்கிறார். மூன்று வருஷம் முன்பு மீன் கொடுப்பவனை மாற்றினாராம், தோலுரித்து உறையவைத்த பெட்டியாக வருமாம், மேலே ஹேடாக் என்று எழுதியிருக்குமாம், அவரும் நம்பிவிட்டார். "நீங்க எழுதினதப் படிச்சிட்டு நேத்து அவன்கிட்ட நேரா கேட்டேன். முழிச்சான். தெரிஞ்சுபோச்சு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "வெள்ளிக்கிழமைன்னா எடம் கெடைக்காம நின்ன கடைங்க அது. இப்ப ஆறு பேரு. வரவங்க எல்லாரும் அருமைன்னு சொல்லிட்டுப் போறாங்க, அப்புறம் வரதே இல்ல. எங்க தப்புப் பண்றேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. குளிர் முடியறதுக்குள்ள கடைய மூட வேண்டியதுதான்னு லொரேன் அழுவுறா. நீங்க வாராவாரம் வரீங்க மேவிஸ். நீங்களாவது சொல்லுங்க. எங்க சாப்பாடு எப்படி இருக்கு?" என்றார்.

அம்மா கோப்பைக்குள் பார்த்தாள். "ரொம்ப..." என்று ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு, "பட்டாணி" என்றாள். "என்ன?" என்றார் கீத். "உங்க பட்டாணிய எடுத்து ஜன்னல்ல எறிஞ்சா கண்ணாடி ஒடையும்" என்றாள். அப்புறம் அணை உடைந்த மாதிரிதான். மாவு உறை தடிமன், எண்ணெய் எப்போது மாற்றினீர்கள், சூப்பில் உப்பு இல்லை, இனிப்பின் மேல் ஊற்றுகிற பால்கூழில் கட்டி, தட்டுகள் சில்லென்று இருக்கின்றன, பன்றியிறைச்சியின் மேல் அன்னாசிப்பழத்தை வைக்க யார் சொன்னது. கீத் சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பேனா தேடினார், இல்லை. அப்போது அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஹோரஸ், என்ன மரம் மாதிரி உக்காந்திருக்க? உன் நோட்ட எடு. எழுது" என்றாள். ஆறு நாளில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

எழுதினேன். என் கை வேகம் உனக்குத் தெரியும். "மெதுவாச் சொல்லு மேவிஸ்" என்றேன். ஐம்பது வருஷமாக என் படிவங்களையெல்லாம் அவள்தான் நிரப்பினாள், ஒரு பேருந்துக்குக்கூட நின்று காத்திருக்காதவள். பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கவில்லை. நான் பட்டாணி எழுதி முடிக்கும்வரை எண்ணெயைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். கீத்தும் காத்திருந்தார், தேநீர் ஆறிப்போனது. இரண்டு பக்கம் நிரம்பியது. கடைசியில், "விருந்துக்கு மீன இவரு துறைமுகத்துல போய்ப் பாத்து எடுத்து அரிஞ்சு தருவாரு, நீங்க பொரிச்சாப் போதும், மாவு மெல்லிசா" என்று அவளே உத்தரவு போட்டாள். கீத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, மூன்று தடவை நன்றி சொல்லி, நான்கு தடவை மன்னிப்புக் கேட்டுப் போனார். அவர் போனதும் அம்மா அலமாரியின் அடியிலிருந்து கவுனை எடுத்து இஸ்திரி போட்டாள். எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று பக்கத்தில் போய் நின்றேன். "பட்டாணி நன்றுன்னு எழுதியிருக்கியே, நாக்கு இருக்கா உனக்கு?" என்றாள். நேற்று முழுக்க அதே பேச்சு. பேசாமல் இருந்த ஆறு நாளே தேவலை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், ஒரு நிமிஷம்தான்.

ஆக விருந்து ஒன்பதாம் தேதி உறுதி. அன்று உங்கள் ஊரில் இரவாக இருக்கும், இருந்தாலும் கடை நம்பருக்குப் போன் செய், லொரேன் மாடிக்குக் கொண்டுவந்து தருவாள். பிள்ளைகளையும் பேச வை. வெண்ணெயை நான் குறைக்கவில்லை, இனிமேல் அதை என்னிடமே நேராகக் கேள். உங்கள் எல்லோருக்கும் கடவுள் நல்ல உடம்பையும் நல்ல பசியையும் தரட்டும். விருந்தில் யார் எங்கே உட்காருவது என்று அம்மா அட்டவணை போட்டிருக்கிறாள், ஜன்னலோர மேசையில் தனக்குப் பக்கத்து நாற்காலியில் முதலில் எட்னாவின் பெயர் இருந்தது. இன்று காலை அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருக்கிறாள். நானே படித்தேன்.

அன்புடன் உன் அப்பா,
ஹோரஸ்