பொட்டுவுக்கு வாசித்துக் காட்டவும்

வாலாஜாபாத் விடுதி,
18.10.2015

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் பொட்டுவும் நலமா? இங்கே வாசலில் ஒரு நாயைக் கண்டெய்னர் லாரி அடித்துவிட்டது. நம் தெருவிலும் லாரி வருமே. ஷிப்டுக்குப் போகும்போது பொட்டுவைச் சங்கிலியில் கட்டிவிட்டுப் போங்கள். மறக்கவே கூடாது.

கீழே உள்ளது பொட்டுவுக்கு. வாசித்துக் காட்டுங்கள்.

பொட்டு, சாப்பாட்டு மணி அடித்தாலே அழுகை வருகிறது. பக்கத்து வீட்டு சத்யப்பிரியாவும் இந்த விடுதியில்தானே, அவளிடம் உன் கதையைச் சொன்னேன். இப்போது சேர்ந்து சாப்பிடுகிறோம்.

பாண்டிச்செல்வி

குன்றத்தூர்,
25.10.2015

அன்பு மகளுக்கு,

அப்பனுக்கு உத்தரவு, நாய்க்குக் கொஞ்சல். நல்ல நியாயம் தாயி. வாசித்தேன். காதைத் தூக்கிக்கொண்டு கேட்டது. அம்மா போனபின் ஆறு மாதம் வாய் திறக்காதவள், இந்த நாயிடம்தான் முதலில் பேசினாய். அதை மறப்பேனா? தினமும் கட்டிவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுகிறேன்.

அப்பா தளவாய்

குன்றத்தூர்,
13.12.2015

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெருமழையில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து கட்டில், டிவி எல்லாம் போயிற்று. நான் ஒரகடத்தில் ஷிப்டில் மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வர முடிந்தது. பொட்டு மொட்டை மாடியில் பத்திரமாக இருந்தது. நீ எழுதியதை வாசித்தேன். வாலை ஆட்டியது.

அப்பா தளவாய்

வாலாஜாபாத் விடுதி,
20.12.2015

அப்பாவுக்கு,

சத்யப்பிரியாவின் அம்மா மீனம்மாள் அத்தை அவளைப் பார்க்க வந்தார்கள். "செயின் கட்டினபடியே தண்ணில கெடந்துச்சும்மா. உங்கப்பாதான் பொதைச்சாரு. உனக்குத் தெரியாதா?" என்றார்கள்.

கட்டச் சொன்னது நான்.

போன கடிதத்தில் அம்மாவைப் பற்றிப் பொட்டுவுக்கு மட்டும் எழுதியிருந்தேன். அதை யாருக்கு வாசித்தீர்கள்?

சத்யப்பிரியாவோடு இப்போது சாப்பிடுவதில்லை. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. விடுமுறைக்கு வரவில்லை.

பாண்டிச்செல்வி

குன்றத்தூர்,
23.12.2015

தாயி,

சொன்னது நீ, கட்டியது என் கை. மழையைப் பார்த்துக்கொண்டேதான் கட்டினேன். பழி என்னுடையது. நீ மறுபடி வாய் மூடிவிடுவாய் என்று பயந்து பொய் எழுதினேன். பயந்ததே நடந்துவிட்டது.

யாருக்கு வாசித்தீர்கள் என்று கேட்டாய். சங்கிலி கட்டியிருந்த குழாயடியில் உட்கார்ந்து சத்தமாகத்தான் வாசித்தேன். அம்மா பெயர் வந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன். மீதியை இன்னும் வாசிக்கவில்லை.

ஜனவரி மூன்றாம் தேதி லீவு. வருகிறேன். நீ பேச வேண்டாம், எதிரே உட்கார்ந்தால் போதும்.

அப்பா

வாலாஜாபாத் விடுதி,
29.12.2015

அப்பாவுக்கு,

நலம். சோப்பும் தேங்காயெண்ணெயும் தீர்ந்துவிட்டன. வந்தால் வார்டனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பாண்டிச்செல்வி