நூலாவிடம் மெதுவாகக் கேளுங்கள்

மலிங்கர்,
மார்ச் 4

அன்புள்ள மைத்துனர் ஃபெஸ்டி அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க இம்முறை கை மறுக்கிறது. கோபத்தில் எழுதிய கடிதத்தை ஆறப்போட்டு அனுப்புங்கள் என்று கட்சிக்காரர்களுக்கு அறிவுரை சொல்லும் வக்கீல் நான். இதையும் ஆறப்போட்டேன். கோபம் ஆறவில்லை.

முதலில் உங்கள் அக்காவின் உடல்நிலை. நூலாவின் வலக்கை சற்றுத் தேறியிருக்கிறது. கரண்டியைத் தானே பிடிக்கிறாள். பேச்சில் மாற்றமில்லை. பக்கவாதம் கொண்டுபோன ஆங்கிலம் இனித் திரும்பாது, சிறுவயதில் பேசிய ஐரிஷ் மட்டுமே மிஞ்சும் என்பது மருத்துவரின் கருத்து.

இனி, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. என் வீட்டு மேசையில், என் மனைவியிடம், நான் ஐரிஷில் ஒரு வாக்கியம் தொடங்கினேன். அது முடியுமுன் நீங்கள் ஆங்கிலத்தில் குறுக்கிட்டீர்கள். "விடுங்க அத்தான், அந்த நாக்கை ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க? என்னன்னு சொல்லுங்க, நான் அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றீர்கள். பிறகு இருவரும் நெடுநேரம் பேசினீர்கள். அவள் அழுதாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, பழைய கதை" என்றீர்கள். கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கொண்டே, "அக்காவை எங்க ஊருக்கே, கானமாராவுக்கே கூட்டிட்டுப் போயிடறேனே. இங்க அவளோட பேச யாரு இருக்கா?" என்றும் கேட்டீர்கள்.

நான் இருக்கிறேன்.

செவ்வாய்தோறும் மாலையில், பெரியவர்களுக்கான ஐரிஷ் வகுப்பில், பள்ளிப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். பள்ளியில் நானும் ஐரிஷ் படித்தவன்தான். பரீட்சைக்காகப் படித்தது பரீட்சையோடு போயிற்று. நான் சொல் கிடைக்காமல் திணறும்போதெல்லாம், லாரி ஓட்டும் மலாக்கி, "வக்கீலய்யா, இங்க வாய்தா கிடையாது, சட்டுனு சொல்லுங்க" என்பார். வகுப்பே சிரிக்கும். வானிலை, விடுமுறை பற்றிய பாடங்கள் எனக்குப் பிறகு போதும்; 'வலிக்கிறதா', 'குளிர்கிறதா', 'பயமாக இருக்கிறதா' இவையே முதலில் வேண்டும் என்று ஆசிரியை ஓர்லாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. அடுத்த வாரம் வகுப்பு முழுவதும் அந்தக் கேள்விகளையே ஒருவரையொருவர் கேட்டுப் பழகியது. அன்று மலாக்கி கேலி செய்யவில்லை.

உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் நான் கால் வைத்ததும் எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவீர்கள். நான் தட்டுத்தடுமாறி ஐரிஷில் வணக்கம் சொன்னாலும் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். திருமணமான நாள் முதல் அதை மரியாதை என்றே ஏற்றுக்கொண்டேன். அந்த மரியாதை என்னைக் கடைசிவரை விருந்தாளியாகவே நிறுத்தியது. இப்போது அதே மரியாதையோடு வந்து, எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் உட்காருகிறீர்கள். இதை என்னால் பொறுக்க முடியாது.

நீங்கள் போன பிறகு அவளிடம், பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். உச்சரிப்பு நொண்டியது. ஆங்கிலத்துக்கு மாற அவளுக்கு வழியில்லை, மாற முயலவுமில்லை. திருத்திச் சொன்னாள். நான் திரும்பச் சொல்லும்வரை காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, "டீ ஆறுது. குடிங்க" என்றாள். முழுவதும் புரிந்தது. அது என் கேள்விக்குப் பதிலன்று என்பதும் புரிந்தது.

கணவன் என்ற முறையில் சட்டம் எனக்கு என்ன தருகிறது, என்ன தரவில்லை என்பதை அறிவேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஊருக்குப் போக வேண்டும் என்று அவளே உங்களிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் பொய் சொல்பவர் அல்லர். என் கோபம் இவ்வளவு பெரிதானதற்கு அதுவே காரணம்.

ஆகவே, வரும் ஞாயிறு வாருங்கள். எங்கே இருக்க விருப்பம் என்று என் எதிரில் அவளிடம் கேளுங்கள். ஐரிஷிலேயே கேளுங்கள். எனக்கு மொழிபெயர்க்க வேண்டாம். அவள் எதைச் சொன்னாலும் மேல்முறையீடு இல்லை. நானே பெட்டியைக் காரில் ஏற்றுவேன்.

ஒன்று மட்டும், ஃபெஸ்டி. மெதுவாகக் கேளுங்கள். அவளையும் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். போகிறேன் என்பதுதான் பதிலானால், அதையும் நான் அவள் வாயிலிருந்தே புரிந்துகொள்ள வேண்டும்.

மழையில் சாலை வழுக்குகிறது. பார்த்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
ஃபெர்கஸ் டெம்ப்ஸி