ஆற்றில் நனையாத தோடு

இன்று காலையில் கடைக்கு ஒரு அம்மாள் வந்தாள். காதில் தோடு இல்லை. இரண்டு ஓட்டையிலும் வேப்பங்குச்சி செருகியிருந்தாள். தோட்டைச் சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்தாள். "ஆத்துல குளிச்சிட்டு நேரே வாரேன் அண்ணாச்சி. நனைக்கப்பிடாதுன்னு வித்தவுக சொல்லியிருக்காவ" என்றாள். அவள் முடிச்சை அவிழ்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே இருப்பது கண்ணாடி என்று. எப்படித் தெரிந்தது என்று நீ கேட்டிருக்க மாட்டாய். உள்வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாய்.

அந்தப் பொய்யைத் தாமிரபரணிக் கரையில் முதலில் அவிழ்த்துவிட்டவன் நானாகத்தான் இருக்க வேண்டும். வேறு எதிலும் நான் முதலாவதாக வந்தவன் இல்லை.

தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். கல் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு நான் ஊர் ஊராக அலைந்து விற்ற காலம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து உன் தாய்மாமா வண்ணார்பேட்டைக்கு வந்து என்னைத் தேடிப் பிடித்தார். தகப்பனில்லாமல் தன் வீட்டில் வளர்கிற மருமகளுக்கு ஏழு கல் வைரத் தோடு வேண்டும் என்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்காமலே நின்றான். கூட நகை ஆசாரி எவரும் இல்லை. அந்திவெளிச்சம், அவசரம், துணைக்கு விவரம் தெரிந்த ஆள் இல்லாமை, மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் போலிக் கல் விற்கிற எங்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. நான் எடுத்துக் கொடுத்தது கண்ணாடிக் கல். கல்லுக்கு அடியில் நீலச் சாயம் ஏற்றின வெள்ளித் தகட்டை வைத்து, அடிப்பக்கம் தெரியாமல் தங்கத்தால் மூடிக் கட்டியது. தகடுதான் மின்னும், பார்க்கிறவர் கல் மின்னுகிறது என்று நினைத்துக்கொள்வார். தண்ணீர் உள்ளே இறங்கினால் தகடு கறுத்துப் போகும். நம்மூர்ப் பெண்களோ தினம் ஆற்றில் முங்கிக் குளிக்கிறவர்கள். ஆகவே சொன்னேன்: "வைரம் ஆத்துத் தண்ணியில நனைஞ்சா ராசி போயிரும் அண்ணாச்சி. அப்புறம் தாலி கட்டினவனுக்கு ஆகாது." கடைசி வாக்கியம் பொய்யைக் கெட்டிப்படுத்த நான் அங்கேயே சேர்த்தது.

அடுத்த வருஷம் அவரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "யாவாரி எவனும் இப்படிப் புத்தி சொல்லி விக்க மாட்டான் வே. எங்க பிள்ளைய உமக்குத்தான் கொடுக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றார். என் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுகிற எண்ணத்தோடுதான் பெண் பார்க்க வந்தேன். நீ தாம்பாளத்தோடு வந்து நின்றாய். என் கண்ணாடிகள் பதினான்கும் உன் காதில் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் எழுந்து ஓடியிருக்க வேண்டும். உன் முகத்தையும் பார்த்துத் தொலைத்தேன். சம்மதம் என்றேன்.

அதன் பிறகு தினமும் காலையில் வண்ணார்பேட்டைப் படித்துறையில் நீ தோட்டைக் கழற்றுவாய், குச்சியைச் செருகுவாய், முங்கி எழுந்து ஈரம் துடைத்து மறுபடி மாட்டுவாய். பக்கத்துப் பெண்கள் கேலி செய்தால், "எங்க வீட்டுக்காரருக்கு நல்லா இருக்கணும்லா" என்பாயாம். அதை அவர்கள் என்னிடம் வந்து சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் கண்ணாடி விற்க அதன்பிறகு கை வரவில்லை. காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவரிடம் நல்ல கல்லாக எடுத்து, கடைத்தெருவில் சின்னக் கடை போட்டு விற்கத் தொடங்கினேன். உன்னிடம் மட்டும் வாய் திறக்கவில்லை.

ஒரு கார்த்திகை மாதம் படியில் பாசி வழுக்கி, தோட்டைக் கழற்றுவதற்கு முன்பே தண்ணீருக்குள் விழுந்தாய். முழங்கை சிராய்த்துக்கொண்டு வந்தாய். அதற்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டது நான்தான். தோட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நாளில் முந்தானையால் காதை மூடிக்கொண்டே நடமாடினாய். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டாய். விடிந்தும் விடியாமல் நெல்லையப்பர் கோயிலுக்கு நடந்தாய். நான் இருமினால் உன் கையில் இருக்கும் கரண்டி அப்படியே நிற்கும். பிள்ளை வரம் வேண்டித்தான் விரதம் இருக்கிறாய் என்று நினைத்தேன், மடையன்.

உன் கன்னம் ஒட்டிப்போன பிறகுதான் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். முந்தானையை விலக்கிக் காட்டினாய். ஐந்து கல் கறுத்திருந்தன. "வேணும்னு நனைக்கல. விழுந்துட்டேன். உங்களுக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயமா இருக்கு" என்று தேம்பினாய்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கறுப்பைப் போக்கித் தருகிறேன் என்று மழுப்பினேன். கறுப்பு போனால் உன் பயம் போகுமா? இன்னும் மூன்று நாள் நீ பட்டினி கிடந்தாய். நான்காம் நாள் மத்தியானம், சாப்பாட்டு இலையின் முன்னால் உட்கார்ந்து, இலையைப் பார்த்தபடியே சொன்னேன். அது வைரம் இல்லை, கண்ணாடி. விற்றவன் நான். ராசி, தோஷம் எல்லாம் என் வாய் கட்டின கதை.

நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

ஆகாது என்றேன். அன்றைக்கு என் எதிரிலேயே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாய். கோபம் சாவகாசமாக மறுநாள்தான் வந்தது. பத்து நாள் என்னோடு பேச்சில்லை. சோறு வரும், குழம்பு வரும், குரல் வராது. பதினோராம் நாள், "மாமாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுதீய" என்று உத்தரவு போட்டாய்.

வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். மாமா முதலில் கேட்டது உன்னைப் பற்றித்தான். "அவளுக்குத் தெரியுமா வே?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப சரி, சாப்பிட்டுட்டுப் போம். ஆனா நான் ஏமாந்த கதை ஊருக்குத் தெரியப்பிடாது, ஆமா!" என்று பயமுறுத்தினார். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறவரைக்கும் ஏமாற்றுகிறவனுக்கு என்ன குறை? திரும்பி வந்து இதை உன்னிடம் சொன்னேன். "அப்ப நீங்க வாயத் தொறங்க" என்றாய்.

வாயைத் திறந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பகலில் வாங்குங்கள். அடிப்பக்கம் மூடின கட்டு என்றால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுக்கிறவனிடம் வாங்காதீர்கள். கல்லின்மேல் வாயால் ஊதினால் வைரத்தில் ஆவி படிந்ததும் பறந்துவிடும், கண்ணாடியில் தங்கி நிற்கும். தனிக் கல்லாக இருந்தால் அச்சுப் புத்தகத்தின்மேல் கவிழ்த்து வையுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அது வைரமில்லை. எதற்கும் உங்கள் ஆசாரியிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். நான் ஏதாவது விட்டுவிட்டால், மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த நீ கடை உள்வாசலில் நின்று எடுத்துக் கொடுப்பாய். நல்ல வைரத்தில் உனக்குத் தோடு கட்டித் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டேன். "போதும், இனிமே கல்லுக்குக் காவல் இருக்க என்னால ஆகாது" என்று சின்னப் பொன்தோடு ஒன்றை மாட்டிக்கொண்டு, காதோடு முங்கிக் குளித்தாய். அந்த வருஷங்கள்தான் நாம் சந்தோஷமாக இருந்தவை.

போன ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். இரண்டாம் நாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்குக் கடைக்குப் போகணுமா?" என்று கேட்டாய். சாதாரணக் காய்ச்சல்தானே, பொழுது சாய்வதற்குள் விட்டுவிடும் என்று சொல்லி, கையை விடுவித்துக்கொண்டு கடையைத் திறக்கப் போனேன். கூப்பிட ஆள் வருவதற்குள் முடிந்துவிட்டது. இல்லாத தோஷத்துக்கு என் உயிரை நினைத்து அத்தனை நாள் பட்டினி கிடந்தவள் நீ. உனக்காக ஒருநாள் பயப்பட எனக்குத் தோன்றவே இல்லை.