கண் திறந்து வைத்த படம்

பெப்ரவரி 10, திங்கள்

காலையில் மூடுபனி. கடை வாசலில் நின்றால் பதுளை பஸ் ஸ்டாண்ட் தெரியவில்லை. அடையாள அட்டைப் படத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரிசை. ஒருத்திக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை, அவளோடு பெரும்பாடு.

பிற்பகல் லண்டனிலிருந்து ஹெலன், வீடியோ அழைப்பில். அங்கே ஒரு புகைப்பட நிறுவனத்தில் தேர்வாளர். வாழ்நாளெல்லாம் பத்திரிகைகளுக்குப் படம் பொறுக்கிக் கொடுத்தவர். படம் எடுப்பதே இல்லை, பார்ப்பதுதான் தொழில். அங்கே எடுப்பவர் வேறு, தேர்ந்தெடுப்பவர் வேறு, அச்சிடுபவர் வேறு, அடியில் இரண்டு வரி எழுதுபவர்கூட வேறு. இங்கே எல்லாம் நான். ஃபிரேம் மாட்ட ஆணி அடிப்பதும் நான்.

நான் அனுப்பிய தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் முகங்கள் பிடித்திருக்கிறதாம். லண்டனில் ஒரு வருடப் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை. கடைசிச் சுற்றில் இரண்டு பேர். அதில் நான் ஒருத்தி. நாற்பத்தொரு வயதில் இப்படி ஒரு வாய்ப்பு. "ஸ்டூடியோ அக்கா" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எங்கேயாவது ஒரு இடத்தில் புகைப்படக் கலைஞர் வசந்தி என்று என் பெயரைப் பார்க்க வேண்டும். ஆசைதான், மறைப்பானேன்.

முதல் படமாக வைக்க ஒன்றைத் திரையில் காட்டினார். "இந்தக் கண்களைப் பாருங்கள். இவ்வளவு அமைதியாக யாரும் கேமராவைப் பார்த்து நான் கண்டதில்லை" என்றார்.

மாரியாயி அம்மா. அந்தப் படம் எடுத்தபோது அவர் உயிரோடு இல்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

வேலை ஓடவில்லை. எப்படி நடந்தது என்று எழுதியாவது பார்க்கிறேன்.

போன வருடம் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இழவு வீடு. படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். எல்லோரும் சுற்றி நின்று எடுத்து முடித்த பிறகு மகள் செல்வராணி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்குப் படமே இல்லக்கா. அடையாள அட்டையும் மழையில ஊறி மொகம் அழிஞ்சிருச்சு. கருமாதிக்கு மாட்டணும். கண்ணத் தெறந்து தருவீங்களா?"

இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்களில் இது புதிதில்லை. தாடையைக் கட்டிய துணியை அழிப்போம், நெற்றிக் காசை எடுப்போம், மூக்குப் பஞ்சை எடுப்போம். கண்ணுக்கு மட்டும் உடன்பிறந்தவரோ பிள்ளையோ வேண்டும். செல்வராணியை உட்காரவைத்து அவள் கண்களை எடுத்துத்தான் தாய்க்கு வைத்தேன். அழுது வீங்கியிருந்த கண்கள். முகம் கழுவி வரச் சொல்லி, அவள் கொஞ்சம் ஆறும்வரை காத்திருந்து எடுத்தேன்.

அந்தப் படம் லண்டனுக்குப் போனது என் பிழை. எங்கள் கடையில் படங்களைத் தோட்டத்துப் பெயரில்தான் போட்டு வைப்பது, ஆள் பெயரில் அல்ல. உயிரோடு இருப்பவர்களும் போனவர்களும் ஒரே இடத்தில். அந்தத் தோட்டத்தை அப்படியே அனுப்பிவிட்டேன்.

அவர்களுடைய விதி: படத்தில் எதையும் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது. இன்று மின்னஞ்சலும் வந்துவிட்டது. கேமராவில் பதிவான மூலப் படங்கள் வேண்டுமாம்.

இவரிடம் சொன்னேன். யோகன், என் கணவர், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர்.

"மூலப்படம் அழிஞ்சு போச்செண்டு சொல்லும். வேற படத்தை முதல்ல வைக்கச் சொல்லும். ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"அப்ப லண்டன் வேண்டாமோ?"

"வேணும்."

பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

பெப்ரவரி 13, வியாழன்

உண்மையை எழுதி, மூடிய கண் படத்தையும் சேர்த்து ஹெலனுக்கு அனுப்பிவிட்டேன். மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

பெப்ரவரி 15, சனி

வெலிமடையில் கல்யாணம். மாப்பிள்ளை தாமதம், வெளிச்சமும் போயிற்று.

வீடு வந்தால் ஹெலனின் பதில். கோபமே இல்லை! மூடிய கண்ணையும் திறந்த கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் இந்த வழக்கத்தை எழுதிக் கண்காட்சிக்கும் இணையத்துக்கும் போட வேண்டுமாம். "மற்ற முகங்களை நாங்கள் பல இடங்களில் பார்த்திருக்கிறோம். இது உங்களால் மட்டும் முடிந்த வேலை." இந்தச் சோடி இருந்தால் இடம் எனக்கு. இல்லாவிட்டால் சிரமம். குடும்பத்தின் சம்மதம் மட்டும் கையெழுத்தோடு வேண்டும்.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஹெலன் சொல்வது சரி. நான் இதுவரை செய்ததில் இதுதான் நல்ல வேலை. அதுதான் கொடுமை.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஹாலிஎல வரை பஸ், பிறகு ஆட்டோ. ஞாயிறு என்பதால் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் இருந்தார்கள். செல்வராணி தேநீர் தந்தாள். சுவரில் மாரியாயி அம்மா, பிளாஸ்டிக் மாலையோடு.

விஷயத்தைச் சொன்னேன்.

"மூடுன கண்ணையும் போடுவாங்களா?"

"ஆமா. ரெண்டையும் சேத்துத்தான்."

"தம்பிக்குத் தெரியாதுக்கா."

தம்பி குமார், கட்டாரில் வேலை. சாவுக்கு வர முடியாமல் போனவன். அம்மா சாகுமுன் ஸ்டூடியோவுக்குப் போய் உட்கார்ந்து எடுத்த படம் என்று அவனே நினைத்துக்கொண்டானாம். "கடைசியா ஒரு நல்ல படம் எடுத்துக்கிட்டாங்கன்னு அவனுக்கு ஒரு ஆறுதல். நானும் அப்புடியே விட்டுட்டேன்."

நான் எழுந்துகொள்ளப் போனேன். அவள் விடவில்லை. "நீங்க போறதுக்கு இது வேணும்னா குடுங்க, கையெழுத்து வக்கிறேன். எங்கம்மாவுக்குக் கண்ணக் குடுத்தவங்க நீங்க. தம்பி இதெல்லாம் எங்க பாக்கப் போறான்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காகிதத்தை நீட்டினேன்.

திரும்பும் வழியெல்லாம் என்மேலேயே எரிச்சல். அவள் முடியாது என்றிருந்தால் அவளைக் குறை சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பெப்ரவரி 17, திங்கள்

கையெழுத்துக் காகிதத்தை ஸ்கேன் பண்ணியாயிற்று. மின்னஞ்சல் எழுதியாயிற்று. அனுப்பவில்லை. "அவ தானே சம்மதிச்சவ, பிறகென்ன?" என்கிறார் இவர். சரிதான். மின் கட்டணம், பிரிண்டர் மை, நாளைக்கு மறக்கக் கூடாது.

பெப்ரவரி 18, செவ்வாய்

மழை. கடையில் ஒரு குடும்பம் பாஸ்போர்ட் படத்துக்குத் தலைசீவிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் தெரியாத நம்பர். கட்டார்.

"வசந்தி அக்காங்களா? நான் குமாருங்க, செல்வராணி தம்பி. அம்மா படம் லண்டனுக்குப் போகுதாமே! ரூம்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்." படம் போகிறது என்பதை மட்டும்தான் செல்வராணி சொல்லியிருக்கிறாள். எந்த இணையத்தளத்தில் வரும், பெயர் என்ன என்று கேட்டான். வந்ததும் எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமாம்.

பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஒன்னு கேக்கவாக்கா? படம் எடுக்குறப்ப அம்மா என்னமாச்சும் பேசுனாங்களா?"

பாஸ்போர்ட் குடும்பத்தை உட்காரச் சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் போனேன்.

"ஒன்னப் பத்தித்தான் பேசுனாங்க தம்பி. நேரத்துக்குச் சாப்புடுறானான்னு கேட்டாங்க."

"சாப்புடுறேன்மா" என்றான்.

மாலையில் ஹெலனுக்கு எழுதினேன். குடும்பத்தின் சம்மதம் கிடைக்கவில்லை என்று.