ரபீக் நானாவின் பெருவிரல்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. கொழும்புக்குப் போகவேண்டிய மீன் லொறி, குளிரறை வாசலில் இரண்டு மணித்தியாலம் நின்றது. கம்பனியின் கொம்பியூட்டர் வேலைகளைப் பார்க்கிறவன் நான்; நேற்றோடு பாஸ்வேர்டுகளை நிறுத்திவிட்டேன். பொறுப்பாளர் ரபீக் நானா தன் போனில் விரல் வைத்தால்தான் குளிரறைக் கொம்பியூட்டரும் இறங்குதுறையில் இருக்கிற டேப்லட்டும் திறக்கும்; அவை திறக்காமல் லொறிக்குச் சீட்டுப் போட முடியாது. விரல் மட்டும்தான் என்ற விதியும் என்னுடையது.

"விரலை வையுங்கோ நானா!" என்று கத்தினேன்.

"ஏலாது தம்பி. அதில இருக்கிறது என்ட மனிசிட விரல். அவ கிண்ணியாவில நிக்கிறா."

"அவட விரலை ஏன் பதிஞ்சனீங்கள்?"

"எப்பிடியாவது பதிஞ்சு வரச் சொன்னது நீங்கதானே? பதியிறதோட முடிஞ்சுதெண்டு நினைச்சன்."

கையை விரித்துக் காட்டினார். ஐஸிலும் செதிலிலும் தேய்ந்த விரல்கள். ரேகையே இல்லை.

அவருடைய மனைவி ஓட்டோவில் வந்து விரல் வைத்த பிறகுதான் லொறி கிளம்பியது. அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

எல்லோரும் பாஸ்வேர்டை மறக்கிறார்கள் என்று சொல்லித்தான் முதலாளியிடம் இந்த விரல் முறையைக் கேட்டு வாங்கினேன். நானா ஒருநாளும் மறந்ததில்லை. மறக்கிறவன் நான்தான்.