கரையில் பெண்கள்: ‘இல்லை’

ஆனி 5, வியாழன்

சோளகக் காற்று ஓயவில்லை. முற்றம் கூட்டிய கையோடு மறுபடியும் புழுதி. தொண்டை கரகரப்பு.

செய்யவேண்டியவை: மானிப்பாய்ப் பள்ளிப் பரிசளிப்பு விழா உரைக்குத் தொடக்கம். வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி. ஈருருளிக்குக் காற்று. (அண்ணன்: “ஈருருளி எண்டு சொல்லிக்கொண்டு கடையடியிலை நில்லு, ஒருத்தனும் காத்தடிக்கமாட்டான். சயிக்கிள் எண்டு சொல்லு, பிள்ளை.”)

முற்பகலில் தர்சினி வந்தாள். அரசின் கரையோரத் தொழிற் கணக்கெடுப்பு. அரியாலைக் கரை அவள் பொறுப்பு. நல்ல பிள்ளை. வெயில் தின்ற முகம், கையில் கைக்கணினி. விறாந்தையில் இருத்தித் தேநீர் கொடுத்தோம்.

முதலில் அண்ணனிடம். “தொழில் என்ன, அங்கிள்?”

“மீன்பிடி.” நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். முதுகு பிசகியபின் அவர் படகேறியதே இல்லை.

அடுத்து அவர் மனைவி, என் மச்சாள். விடியலில் கடல்நீரேரியில் இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, இடுப்பில் கட்டிய பறிக்கூடையை நிறைத்துக் கொண்டுபோய் விற்றுத் திரும்பியவள். பாவாடைக் கரை அப்போதும் ஈரம். இந்த வீட்டின் அடுப்பை எரிப்பவள் அவள்.

“நீங்கள் வேலை ஏதும் செய்யிறீங்களோ, அன்ரி?”

“நானோ? நான் சும்மா வீட்டிலைதான், பிள்ளை.”

தர்சினியின் விரல் ஒரு கட்டத்தைத் தொட்டது. தொழில் இல்லை.

உள்ளேயிருந்து பாய்ந்தேன். “பிள்ளை, உந்தக் கையைப் பார். உது சும்மா இருந்த கையோ?”

“கோவியாதேங்கோ, அன்ரி. அவதான் சொல்லவேணும். மற்றாக்கள் சொல்லுறதை நான் எழுதேலாது.”

மச்சாள் வெறுமையான தேநீர்க் குவளைகளை அடுக்கினாள். “விடுங்கோ மச்சாள். எழுதினாலென்ன, எழுதாட்டியென்ன. இறால் என்ன கோவிச்சுக்கொண்டு போகப்போகுதே?”

தர்சினி என் தொழிலையும் கேட்டாள். பேச்சாளர் என்றேன். கைக்கணினியில் அப்படியொரு தொழில் இல்லையாம். தேடிக் களைத்து, ‘வேறு’ என்று போட்டாள். அண்ணன் சிரித்த சிரிப்பில் வேட்டியெல்லாம் தேநீர்.

பரிசளிப்பு உரை: ஒரு வரியும் வரவில்லை.

ஆனி 6, வெள்ளி

பிரதேச செயலகம் (இனி பி.செ.). வதிவிடச் சான்றுக்குப் போனது. போன காரியம் மறந்துபோயிற்று.

அறிவித்தற் பலகையில் ஒரு தாள். எங்கள் கரையை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பகுதி, ‘பயன்பாடற்றது’ என்ற பெயரில், இறால் வளர்க்கும் ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போக இருக்கிறது. சுற்றி வேலி வரும். பிறர் இறங்கத் தடை. கீழே ஓர் இணைப்பு: ‘இப்பகுதியில் தொழில் செய்யும் பெண்கள்: இல்லை.’

மச்சாள் நாள்தோறும் நிற்கும் நீர் அது. அயல்வீட்டு வசந்தியும் கமலாவும் அவர்களோடு இறங்கும் அத்தனை பெண்களும் நிற்கும் நீர். வேறெங்கும் அவர்களுக்குக் கால் நிலைக்காது.

புள்ளிவிவர அலுவலரின் அறைக்குள் கேளாமலே நுழைந்தேன். “ஆர் சொன்னது இல்லையெண்டு?”

“உங்கடை சனம்தான், அம்மா. போன சுற்றிலையும் உதேதான் சொன்னவை. நாங்கள் நினைச்சபடி எழுதேலாதுதானே.”

“இந்தச் சுற்று?”

“புதன் பின்னேரம் முடியுது. குத்தகையை உந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவெடுப்பினம். வீட்டுக்காரர் கேட்டால் தர்சினி திரும்ப வருவா. ஆனால் ஒண்டு. நீங்கள் சொல்லிக்குடுத்து அவை ஒப்புவிச்சால், நான் அதை நிராகரிச்சுப்போடுவன். இப்பவே சொல்லிப்போட்டன்.”

நேர்மையான மனிதர். எரிச்சலே அதனால்தான். கள்வனாயிருந்தால் மேடையேறிக் கிழித்திருப்பேன்.

வேலியை அவர்கள் முதலில் கடலில் போடவில்லை. கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்றெழுத்து வேலி. பிடுங்காமல் விடேன்.

ஆனி 7, சனி

காற்றுத் தணிவு. வெயில் கொடுமை.

கரைக்குப் போனேன். நீர் வற்றியிருந்தது, பெண்கள் ஏறிவரும் நேரம். செய்தியைச் சொன்னேன். வேலி என்றதும் எல்லோர் முகமும் இறுகியது. கணக்கெடுக்கும் பிள்ளையைத் திரும்ப அழைப்போம், உள்ளதைச் சொல்லுங்கள் என்றதும் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

கமலா: “தொழில் இருக்கெண்டு எழுதினால் அரசாங்கம் தாற கொடுப்பனவை வெட்டிப்போடுவினம். நீங்களோ தருவியள்?”

வசந்தி: “என்ரை மனுசன் சந்தியிலை தலைநிமிந்து நிக்கிறேல்லையே? மனிசி உழைக்க இவர் இருந்து தின்னுறார் எண்டெல்லோ கதைப்பினம்.”

நான் முழங்கினேன். உழைப்பை மறைப்பவள் உரிமையையும் மறைக்கிறாள் என்றேன். பெயரில்லாத உழைப்புக்கு நிலமும் இல்லை, நீரும் இல்லை என்றேன். நல்ல வரிகள். கொக்குகள் மட்டும் கேட்டன. வசந்தி பறியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “அக்கா, வெயில் ஏறுது, நீங்களும் வீட்டை போங்கோ” என்றாள்.

வீட்டில், உலை வைத்தபடி, முகம் பாராமல் மச்சாள்: “நீங்கள் மேடையிலை கதைச்சுப்போட்டு இறங்கிப் போயிடுவியள். நான் உந்தாளுக்குப் பக்கத்திலை இருந்து சோறு தின்னவேணும்.”

விறகை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஆனால் அடங்கவில்லை.

ஆனி 8, ஞாயிறு

நல்லூர். ஒலிபெருக்கிக்காரனிடம் பேச்சு; வாடகை கூட்டிவிட்டான். வழியில் தனிவகுப்பு வாசலில் தம்பியை ஏற்றக் காத்து நின்ற தர்சினியைக் கண்டேன்.

கேட்கும் கேள்வியை எனக்குக் காட்டு என்றேன். தயங்கிக் காட்டினாள். நின்ற இடத்திலேயே வாசித்தேன். எழுதியிருந்தது இது: கடந்த கிழமையில், விற்பதற்கோ வீட்டுத் தேவைக்கோ, ஒரு மணி நேரமேனும் மீன், இறால், நண்டு, மட்டி எதையாவது பிடித்தீர்களா?

“பிள்ளை, நீ கேட்டது உதில்லையே. ‘வேலை ஏதும் செய்யிறீங்களோ’ எண்டெல்லோ கேட்டனீ?”

“எல்லாரும் அப்பிடித்தான் சுருக்கிக் கேக்கிறது, அன்ரி. வீட்டுக்கு வீடு உவ்வளவையும் வாசிச்சால் எப்ப முடிக்கிறது? ஆக்களும் ‘கெதியாய்க் கேட்டுப்போட்டுப் போ பிள்ளை’ எண்டுதானே சொல்லுகினம்.”

வெட்கமா சினமா, அவள் முகம் சிவந்தது. நான் நடு வீதியில் சிரித்தேன். வேலை என்றால் எங்கள் பெண்களுக்குக் கந்தோர் மேசை, சம்பளம், ஆண். இறால் பிடிப்பதை வேலை என்று எவளும் சொல்லாள். ஆனால் இறால் பிடித்தாயா என்று கேட்டால், இல்லை என்றும் சொல்லாள்.

மறுமொழியை நான் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சரி. கேள்வியை முழுதாக வாசி என்று அரசிடம் கேட்க எனக்கு எவர் தடை?

“நாளைக்கு எங்கடை வீட்டை வா. உதிலை உள்ளபடி வாசி. ஒரு சொல் குறையக்கூடாது.”

“அங்கிளிட்டையும் திரும்பக் கேக்கவேணும், அன்ரி. வீட்டிலை ஒருத்தரை மட்டும் கேக்கேலாது.”

அதை நான் நினைத்திருக்கவில்லை. வா என்றேன்.

ஆனி 9, திங்கள்

முகில். மழை இல்லை.

தர்சினி வந்தாள். அண்ணனிடம் முதலில். கடந்த கிழமையில் என்று தொடங்கி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். ஒரு மணி நேரமேனும் என்ற இடத்தில் அவள் குரல் தாழ்ந்தது.

அண்ணன் முற்றத்தைப் பார்த்தார். மச்சாள் என்னைப் பார்த்தாள். கொல்லும் பார்வை.

“இல்லை,” என்றார். எழுந்து பின்வளவுக்குப் போய்விட்டார்.

மச்சாளிடம் அதே கேள்வி. அவர் போன திசையையே பார்த்திருந்தாள். பிறகு, “ஓம். பிடிச்சனான்.”

“விக்கவோ, வீட்டுக்கோ?”

“ரெண்டுக்கும்.”

“எந்தெந்த நாள், அன்ரி?”

“என்ன கேள்வி பிள்ளை உது? எந்த நாள் பிடிக்கேல்லை எண்டு கேளும்.” குரல் உயர்ந்துவிட்டது. “காய்ச்சலோடையும் இறங்கினனான். மகளின்ரை கலியாணத்துக்கு முதல்நாளும் இறங்கினனான். எழுதும்.”

எழுதினாள்.

நண்பகலில் அண்ணன் உண்ணவில்லை. மச்சாள் சோற்றுக் கோப்பையைத் திரும்ப மூடினாள். “உங்கடை முழுக் கேள்வியாலை என்ரை மனுசன் பட்டினி. இப்ப சந்தோசமோ?”

மகிழ்ச்சி இல்லை. ஆனால் பின்வாங்கவும் மாட்டேன். பொய் நின்றிருந்தால் இன்று அவர் உண்டிருப்பார்; வேலி வந்தால் இந்த வீட்டில் எவர் உண்பார்? இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மேடை பல கண்ட வாய்.

ஆனி 10, செவ்வாய்

உப்பு, தேங்காய், தீப்பெட்டி. சந்திக் கடை. செய்தி எனக்கு முன்பே அங்கு போயிருந்தது. அண்ணனும் அங்கே, பத்திரிகையோடு.

வசந்தியின் கணவர்தான் தொடங்கினார். “என்ன அண்ணை, மனிசியைத் தொழிலாளி எண்டு எழுதிப்போட்டு நீங்கள் பென்சனிலையோ?” வாங்குப் பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் வாய் திறக்குமுன் அண்ணன் பத்திரிகையை மடித்தார்.

“ஓமடாப்பா. அவள் பிடிக்கிறாள், நான் தின்னுறன். உன்ரை வீட்டிலை உலை வைக்கிற அரிசியும் வசந்தி தண்ணியிலை நிண்டு கொண்டுவாறதுதான். எனக்கு முதுகு போட்டுது, உனக்கு என்ன போனது?”

சிரிப்பு நின்றது.

“வேலி போட்ட பிறகு சந்தியிலை நிண்டு வெக்கப்படுவம். இப்ப போய் அந்தக் கணக்கெடுக்கிற பெட்டையைக் கூப்பிடு.”

மிதிக்கட்டையில் கால் வைத்தபடி அப்படியே நின்றேன். என் சனிக்கிழமை முழக்கம் முழுவதும் இதன் கால்தூசு. அண்ணன் தலைநிமிர்ந்து நடந்து போனார், முதுகு கோணலாகவே.

மாலை, வேலிக்கு மேலால் வசந்தியின் கணவர். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு: “அக்கா, அந்தப் பிள்ளையின்ரை நம்பர் இருக்கோ?”

கமலா இன்னும் அஞ்சுகிறாள். பி.செ.க்குத் தொலைபேசினேன். தொழில் கணக்கு வேறு, கொடுப்பனவு வேறு, ஒன்றைக் கொண்டு மற்றதை வெட்ட முடியாது என்றார் அலுவலர். எழுத்தில் தாருங்கள் என்றேன். பெருமூச்சு. மறுமொழி கைபேசிக்கு வந்தது; கமலாவிடம் காட்டினேன்.

ஆனி 11, புதன்

கடைசி நாள். சோளகம் மறுபடி. மானிப்பாய் உரையைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன்.

காலை தொடக்கம் தர்சினி எங்கள் ஒழுங்கையில். ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வி, ஒரு சொல் குறையாமல். நான் எவர் வீட்டுக்குள்ளும் போகவில்லை. சொல்லிக்கொடுத்தேன் என்று எவரும் சொல்லக்கூடாது. வேம்பின் கீழ் நின்று கேட்டேன். ஓம். ஓம். பிடிச்சனான். ஓம், நானும் என்ரை மூத்தவளும். கமலா வீட்டில் கேள்வியை மறுபடி வாசிக்கச் சொல்லும் குரல். பிறகு, ஓம்.

மாலை, எங்கள் விறாந்தையில் எல்லாவற்றையும் அனுப்ப முனைந்தாள். கைக்கணினி மறுத்தது. முந்திய சுற்றுக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதி, காரணம் ஒரு வரியில் வேண்டும், இல்லையேல் ஏற்காது.

தர்சினிக்கு அழுகை வரும்போல. “போன சுற்றிலையும் நான்தானே எடுத்தனான். உண்மையை எழுதினால் என்னைத்தான் பிடிப்பினம். நீங்கள் நல்லாய் எழுதுவீங்கள், அன்ரி. ஆரிலையும் பிழை வராத மாதிரி ஒரு வசனம் சொல்லுங்கோ.”

தொடங்கினேன். காலங்காலமாய்க் கடல்நீரில் கரைந்த உழைப்பானது இன்று கட்டங்களை உடைத்துக் கரையேறியமையால்...

“அன்ரி, உவ்வளவும் கொள்ளாது.”

மச்சாள் தூணோடு நின்றாள். அண்ணன் கதிரையில். வசந்தியும் கமலாவும் வாசலில். என்னிடம் வேறு வசனம் இல்லை. இருந்த உண்மையான வசனம் அந்தப் பிள்ளையைச் சுடும். அதை நான் சொல்லக்கூடாது.

அவளே தட்டினாள். தட்டியதை வாசித்தாள், மற்ற எல்லாவற்றையும் வாசித்த அதே குரலில்: “போன முறை நான் கேள்வியைச் சுருக்கிக் கேட்டேன். இந்த முறை முழுதாகக் கேட்டேன்.”

அனுப்பினாள்.